சிசிலித் தீவின் கல்நகரங்களும் கடற்கரைகளும்

எமது கல்லூரி அன்னையின் மைந்தர் இன்று ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் பரந்து வாழ்கின்றனர் என்பது இம்மலரைப் படிப்போர் யாவரும் அறிந்ததே. கோடை விடுமுறை வந்ததும் அவருட் பலர் மனைவி மக்களுடன் மத்தியதரைக் கடலை நாடிச் செல்வர். இத்தாலிக்குரிய சிசிலித் தீவு அவர்கள் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஒன்று. சென்றவர் அன்போடு எமக்கு அனுப்பும் படங்களை நோக்கின், நீலக் கடலும் வெண்மணலும் குடைநிழலிற் சாய்ந்திருக்கும் சுற்றத்தாருமே அவற்றிற் காணப்படுகின்றனர். கடலில் நீராடுதல் குற்றமன்று. குளிர்நாடுகளிற் பத்து மாதம் பாடுபட்டவர்க்கு வெயிலும் ஒரு மருந்தே. ஆயினும், கரையிலிருந்து சிறிது தூரம் மேட்டுநிலத்துக்கு ஏறினாற் காணத்தக்க பழைய நகரங்களைக் காணாது திரும்புதல், நல்லூர்த் தேருக்குச் சென்று கச்சான் மட்டும் வாங்கி வருதல் போன்றதாகும் என்பது எமது கருத்து.

இக்கருத்தை வற்புறுத்தவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். அத்தீவின் தென்கிழக்கு மூலையில் நகரையும் கடலையும் தனித்தனியே பிரித்து நோக்குதல் பொருந்தாது. அங்குள்ள நகரங்கள் பேரழிவொன்றின்பின் எழுந்தவை. எழுந்த வகையிலும் அவை ஒன்றையொன்று ஒத்தவையல்ல. அன்றியும், அந்நகரங்களின் கீழே கிடக்கும் கடல் நம்மவர்க்கு வெறும் நீராடுதுறை அன்று. அதன் காரணத்தை உரிய இடத்திற் கூறுவோம்.

யாம் அங்குச் சென்றது பலேர்மோ நகரில் வாழும் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பினாலாகும். தீவின் தலைநகராகிய பலேர்மோவில் 1980ஆம் ஆண்டுகள் தொட்டு ஈழத்தமிழர் பெருந்தொகையினராய் வாழ்ந்து வருகின்றனர். நகரின் அருகே நிற்கும் பெல்லகிரீனோ மலையில் சாந்தா உரோசாலியா என்னும் பெண்துறவியின் குகைக்கோயில் உண்டு. கத்தோலிக்கத் தமிழர் மட்டுமன்றிச் சைவத் தமிழரும் அம்மலைமேல் நடந்தேறி, நேர்த்தி வைத்து வழிபட்டு வருகின்றனர். ஊரில் இருந்த காலத்தில் கதிர்காமத்துக்கும் மடுவுக்கும் ஒரே மனத்தோடு சென்றுவந்த மக்கள், கடல் கடந்தும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. இதனைக் குறைகூறுவாரும் உளர். எமக்கோ அக்காட்சி மனநிறைவையே அளித்தது.

நிற்க. பலேர்மோவும் அழகிய நகரே. ஆயினும் எம்மைப் பெரிதும் கவர்ந்தது தென்கிழக்குப் பகுதி. அங்கே இப்லேயி மலைகள் என வழங்கும் மேட்டுநிலம் ஒன்று கடலை நோக்கிச் சரிந்து கிடக்கின்றது. அதன் பெரும்பகுதி மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லால் ஆயது. நமது யாழ்ப்பாணக் குடாநாடும் அக்காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் மீதே அமைந்திருக்கின்றது என்பதைப் புவியியல் கற்கும் மாணவர் அறிவர். அங்கு வயல்களைப் பிரித்து நிற்கும் சாந்தில்லாத கல்மதில்கள், நெடுந்தீவைக் கண்ட ஒருவனுக்குப் புதியனவாகத் தோன்றா. ஆயின் நம் நிலம் சமதரை. அவர்களது நிலமோ நீரோடைகள் அறுத்துச் சென்ற ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை உடையது. அப்பள்ளத்தாக்குகளின் சரிவிலும் விளிம்பிலும் நகரங்கள் தொற்றிக்கொண்டு நிற்கின்றன.

1693ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆம் திகதி இரவு அந்நிலம் நடுங்கியது. மறுநாள் பேசாதிருந்தது. 11ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மீண்டும் பன்மடங்கு வலிமையோடு குலுங்கியது. ஏறக்குறைய 60,000 மக்கள் மாண்டனர். நகரங்களும் ஊர்களுமாக எழுபதுக்குக் குறையாத இடங்கள் சிதைந்தன. கிழக்குக் கரையிற் கடல் பின்வாங்கிப் பின்னர்க் கரைமீது பாய்ந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழியைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. கத்தானியா என்னும் பெருநகரின் துன்பத்தை மட்டும் ஈண்டுக் குறிப்பிடலாம். எற்னா எரிமலை 1669இற் கக்கிய தீக்குழம்பு அந்நகரின் மதிலைத் தாண்டி உட்புகுந்திருந்தது. அவ்வழிவின் வடு ஆறுமுன்னரே, இருபத்துநான்கு ஆண்டுகளுள், அதன் மக்களிற் பெரும்பாலோரை நிலநடுக்கம் கொண்டுபோயிற்று.

அக்காலத்தில் சிசிலி இசுப்பானிய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மன்னரின் பிரதிநிதி, கமாஸ்திராக் கோமகனாகிய ஜூசெப்பே லான்சா என்பவரை முழு அதிகாரத்தோடு அப்பகுதிக்கு அனுப்பினார். இடிபாட்டின் நடுவே நின்ற அவரை எதிர்நோக்கிய முதல் வினா, எவ்வாறு கட்டுவது என்பதன்று. எங்கே கட்டுவது என்பதாகும். முன்னோர் வாழ்ந்து மடிந்த இடத்திலேயே மீண்டும் கட்டுவதா, பாதுகாப்பான புதிய இடத்துக்குப் பெயர்வதா? பரோக் நகரங்கள் என இன்று உலகம் புகழும் இவற்றின் கதை இவ்வினாவுக்கு ஒவ்வோர் ஊரும் அளித்த விடையின் கதையே. முகப்புச் சிற்பங்களை மட்டும் படம்பிடித்துத் திரும்புவோர் இக்கதையை அறியாது போகின்றனர்.

பரோக் என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வடிவம் ஒழுங்கற்ற முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பர். மன்னார் முத்துச்சலாபத்தின்மீது கண்வைத்து வந்த அதே போர்த்துக்கேயரின் சொல். நேர்கோட்டை வளைத்து, சுவரைப் புடைக்கச் செய்து, தூணை முன்னே தள்ளி, ஒளியும் நிழலும் கல்லில் விளையாடுமாறு கட்டும் கலை அது. அளவோடு கட்டுவதையே அழகெனக் கொண்டோர் இதனை ஆரவாரமென இகழ்ந்தனர். சாவை அவ்வளவு அருகிற் கண்ட மக்கள் அளவோடு கட்ட விரும்பாமையில் வியப்பொன்றும் இல்லை.

முதலில் நோத்தோவைக் காண்போம். பழைய நோத்தோ அல்வேரியா மலைமேல் நின்றது. கமாஸ்திராக் கோமகன் அதனைக் கைவிட்டு, கடலுக்கு அண்மையான மேத்தி என்னும் சரிவில் முற்றிலும் புதிய நகரை அமைக்குமாறு பணித்தார். மக்களிற் பலர் இதனை விரும்பவில்லை. சில ஆண்டுகளின்பின் அவர்களின் கருத்துக் கேட்கப்பட்டபோதும் பலர் பழைய மலைக்கே மீளவேண்டும் என்றனர். ஆயினும் புதிய நகரமே நிலைத்தது. ஒரு தலைமுறை எதிர்த்த நகரை அடுத்த தலைமுறைகள் உலகின் அழகிய நகரங்களுள் ஒன்றாக்கின. உரோசாரியோ கல்யார்தி, வின்சென்சோ சினாத்திரா, பாவொலோ லபீசி ஆகிய கட்டடக் கலைஞர் மூவரும் பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கு ஆற்றிய பணி பெரிது.

நகரின் தலைத்தெரு கிழக்கு மேற்காக நேரே செல்கின்றது. இடையிடையே மூன்று முற்றங்கள். ஒவ்வொரு முற்றத்தின் மேற்புறத்தும் அகன்ற படிக்கட்டுகளின் மேல் ஒரு தேவாலயம். அக்கல் காலையில் வெளிறி நிற்கும். மாலை வெயில் படும்போது தேனின் நிறம் கொள்ளும். பக்கத் தெருவொன்றில் உள்ள நிக்கொலாச்சி மாளிகையின் மாடமுகப்புகளைத் தாங்குவனவற்றை யாம் நெடுநேரம் அண்ணாந்து நோக்கி நின்றோம். சிங்கம், பாய்ந்தெழும் குதிரை, கடற்கன்னி, கன்னம் உப்பிய குழந்தை என ஒவ்வொன்றும் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே தலைநீட்டுகின்றது. நம்மூரில் வாகனம் செதுக்கும் ஆசாரிமார் கண்டால் உளியை எடுத்துக்கொண்டு அருகே செல்வர். அத்தெருவிலேயே ஆண்டுதோறும் மே மாதத்திற் பூவிதழ்களாற் பெருங்கோலமிடும் வழக்கமும் 1980 முதல் உண்டு.

ஆயின் அழகிய முகப்பின் பின்னே நிற்கும் சுவர் எத்தகையது? இவ்வினாவுக்கு நோத்தோப் பேராலயம் 1996ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆம் திகதி இரவு விடை கூறிற்று. அதன் குவிமாடமும் நடுமண்டபக் கூரையும் வலப்பக்க மண்டபமும் இடிந்து வீழ்ந்தன. இரவுவேளையானமையால் உயிரிழப்பு நேரவில்லை. ஆராய்ந்தபோது, வெளியே செதுக்கிய கல்லால் மூடப்பட்டிருந்த பெருந்தூண்களின் உள்ளே உருண்டைக் கூழாங்கற்களும் வலிமையற்ற சாந்துமே நிரப்பப்பட்டிருந்தமை தெரியவந்தது. 1990 டிசெம்பரில் நிகழ்ந்த நிலநடுக்கம் அத்தூண்களை மேலும் நலிவித்திருந்தது. இவையன்றி, பழைய மரக்கூரையை நீக்கி இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏற்றிய கொங்கிறீற்றுக் கூரையின் பாரமும் அவற்றின்மேல் இருந்தது. பழையதைப் பேணுகின்றோம் என்னும் நல்லெண்ணத்தாலேயே அப்பாரம் ஏற்றப்பட்டது. நம்மூர்த் திருப்பணிச் சபையார் இதனைச் சற்று மனங்கொள்வார்களாக.

மீளக் கட்டியவர்கள் விரைவையும் மலிவையும் நாடவில்லை. உள்ளூர்க் கல்லையும் சுண்ணச்சாந்தையும் கொண்டு, பழைய முறையையே தழுவி, தூண்களை அடியிலிருந்து புதிதாக எழுப்பினர். 2007ஆம் ஆண்டு யூன் மாதத்திலேயே ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. பதினொரு ஆண்டுகள் சென்றன. அதனைத் தாமதம் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

நோத்தோவுக்கு நேர்மாறானது இரகூசா. அங்கே நிலநடுக்கத்தின்பின் ஊர் இரண்டுபட்டது. பழைய பிரபுக் குடும்பங்களும் புனித ஜோர்ஜ் ஆலயத்தைச் சார்ந்தோரும் தாழ்ந்த குன்றில் இருந்த பழைய இடத்தை விட்டகல மறுத்து, வளைந்த பழைய ஒழுங்கைகளின் மீதே வீடுகளைக் கட்டினர். அது இன்று இப்லா எனப்படும். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செல்வம் ஈட்டிய புதியவர்களும் புனித யோவான் ஆலயத்தைச் சார்ந்தோரும் எதிரேயுள்ள உயர்ந்த சமதரையில் நேரிய தெருக்களோடு புது ஊர் அமைத்தனர். இரு ஊர்களும் தனித்தனி ஆட்சியோடு நெடுங்காலம் ஊடி நின்று, இறுதியாக 1926ஆம் ஆண்டிலேயே ஒன்றாயின. இரண்டையும் நீண்ட படிவழி ஒன்று இணைக்கின்றது. அதன் நடுவிற் படிகளின் மாதா ஆலயம் நிற்கின்றது. அங்கு நின்று கீழே இப்லாவை நோக்கும் ஒருவன், கூரைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, அவற்றின் நடுவே புனித ஜோர்ஜ் ஆலயத்தின் நீலக் குவிமாடம் எழுவதைக் காண்பான். அவ்வாலயமும் கல்யார்தியின் படைப்பே. தெருமுற்றத்துக்கு நேரே நில்லாது சற்றுச் சாய்ந்து நிற்பதனால், அது நம்மை நோக்கித் திரும்புவது போலத் தோன்றும்.

நோத்தோவா இரகூசாவா என எம்மைக் கேட்பின், அழகால் நோத்தோ என்போம். நீதியால் இரகூசா என்போம். நோத்தோவில் ஒருவர் திட்டமிட்டார், மற்றவர் பணிந்தனர். இரகூசாவில் விரும்பியவர் பெயர்ந்தனர், விரும்பாதவர் இருந்தனர். அதனால் இரட்டைச் செலவும் இருநூற்றாண்டுப் பகையும் விளைந்தன என்பது மெய்யே. ஆயினும் எல்லாம் இழந்தவனிடம் எஞ்சியிருப்பது, தான் எங்கே வாழ்வது என்று சொல்லும் உரிமை ஒன்றே. முகாமில் வாழ்ந்து, மீள்குடியேற்றத்துக்குக் காத்திருந்த மாணவருக்குப் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்த எமக்கு, வரைபடத்தின் நேர்த்தி அவ்வுரிமைக்கு ஈடாகாது என்றே தோன்றுகின்றது. இதனை மறுத்துரைக்கும் பொறியியலாளர் நம் பழைய மாணவருட் பலர் இருப்பர். அவர்கள் அடுத்த மலரில் எழுதுவார்களாக.

மற்றைய நகரங்களைச் சுருக்கமாகவே கூறலாம். ஆவொலாவும் கிராமிக்கேலேயும் அறுகோண வடிவில் வரைந்து அமைக்கப்பட்ட புது ஊர்கள். வானிலிருந்து நோக்கினாற்றான் அவற்றின் சிறப்புத் தெரியும். கத்தானியா பழைய இடத்திலேயே எழுந்தது. ஆயினும் மீண்டும் நிலம் நடுங்கின் மக்கள் ஓடி நிற்பதற்கென அகன்ற தெருக்களையும் முற்றங்களையும் பெற்றது. கருநிற எரிமலைக் கல்லும் வெண்சுண்ணக் கல்லும் கலந்த அந்நகரில், ஜொவான்னி பத்தீஸ்தா வக்கரீனி அமைத்த யானை ஊற்றின்மேல் கருங்கல் யானை ஒன்று நிற்கின்றது. அதன் முதுகில் ஏன் எகிப்தியத் தூண் என்று கேட்கும் சிறுவனுக்கு விடைகூற முயல்வதைவிட, பக்கத்து மீன்சந்தைக்கு அவனை அழைத்துச் செல்லுதல் நலம்.

மோதிக்காவில் பள்ளத்தாக்கின் கீழே புனித பேதுருவுக்கும் மேலே புனித ஜோர்ஜுக்கும் போட்டி. எது தாய்க்கோயில் என்று இரு பகுதியாரும் தலைமுறை தலைமுறையாக வழக்காடினர். விளைவாக இரண்டும் ஒன்றையொன்று விஞ்சும் படிக்கட்டுகளைப் பெற்றன. கோயில் வழக்குகளால் இத்தகைய நன்மை நம் ஊர்களிலும் விளைந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அந்நகரின் நடுத்தெரு ஒருகாலத்தில் ஓடையாய் இருந்தது. 1902ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் வந்த பெருவெள்ளம் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றபின் அவ்வோடை மூடப்பட்டது. 1959இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசைப் பெற்ற கவிஞர் சல்வதோரே குவாசிமோதோ 1901இற் பிறந்த ஊரும் இதுவே. அங்குச் செய்யும் சொக்கிலேற் மிகுந்த சூடேற்றாது அரைக்கப்படுவதனால், சீனி கரையாது பற்களில் நறநறவென்று கடிபடும். எமக்கு அது பனங்கட்டியை நினைவூட்டியது.

ஷிக்ளி என்னும் சிற்றூரில் பெனெவெந்தானோ மாளிகையின் மூலையில் செதுக்கிய கறுத்த முகங்கள் தெருவை உறுத்துப் பார்க்கின்றன. அவ்வூரைச் சுற்றிய குன்றுகளிற் குடைந்த குகைகளில் ஏழைமக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வாழ்ந்தனர். மாளிகைக்கும் குகைக்கும் இடையே நடக்கப் பத்து நிமிடம் போதும். இந்நகரங்களின் சிற்பங்களுக்கு யார் கூலி கொடுத்தார், யார் கல் சுமந்தார் என்று ஆராய விரும்புவோர் அவ்வழியே ஒருமுறை நடந்து பார்க்கலாம். கத்தானியா, நோத்தோ, இரகூசா, மோதிக்கா, ஷிக்ளி ஆகியவற்றோடு கல்தஜிரோனே, மிலித்தெல்லோ, பலஸ்ஸொலோ என்பவற்றையும் சேர்த்து எட்டு நகரங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2002இல் உலக மரபுரிமையாக ஏற்றது. 1999 முதல் ஒளிபரப்பான மொந்தல்பானோ என்னும் துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் இவ்வூர்களிற் படமாக்கப்பட்டதனால் மேலும் கூட்டம் பெருகிற்று.

சிராக்கூசாவை இவ்வெட்டினுள் அடக்கவில்லை. ஆயினும் அதனைத் தவிர்த்தல் தகாது. அதன் பழைய பகுதியாகிய ஒர்த்தீஜியாவில் உள்ள பேராலயத்தின் முகப்பு, நிலநடுக்கத்தின்பின் அந்திரேயா பல்மா வரைந்தது. பரோக் கலைக்கே இலக்கணம் எனலாம். அதன் பக்கச் சுவரை நோக்கினால், சுவரினுள்ளே பெருந்தூண்கள் வரிசையாகப் புதைந்து நிற்பதைக் காணலாம். அவை கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிற் கிரேக்கர் அதீனாத் தேவிக்கு எடுத்த கோயிலின் தூண்கள். பின்னர்க் கிறித்தவர் தூண்களின் இடைவெளியைச் சுவரால் அடைத்துத் தேவாலயம் ஆக்கினர். அரபியர் ஆண்டபோது அது பள்ளிவாசலாயிற்று. நோர்மானியர் மீண்டும் தேவாலயம் ஆக்கினர். இடித்துத் தரைமட்டமாக்குவதற்கு ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு இருந்தது. அவர்களைச் செய்யாது தடுத்தது சமரச மனப்பான்மையோ, கல் வீணாகுமே என்ற சிக்கனமோ, யாம் அறியோம். எக்காரணத்தாலாயினும் தூண்கள் நிற்கின்றன. சமய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அச்சுவரின் முன்னே அரை மணித்தியாலம் நின்றால் ஓராண்டுக்குரிய பாடம் கிடைக்கும்.

இனிக் கடலுக்கு வருவோம். சிராக்கூசாவுக்கு வடக்கே அவுகுஸ்தா வரையுள்ள கரையில் 1949ஆம் ஆண்டுக்குப்பின் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மரினா தி மெலில்லி என்னும் கடற்கரைக் கிராமத்து மக்கள் 1970களின் முடிவில் அகற்றப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டன. வேலைவாய்ப்பு வந்தது, கரை போயிற்று. நோத்தோவின் கீழேயுள்ள வெந்திக்காரி என்னும் உப்பளக் கரைக்கும் அத்தகைய ஆலை ஒன்று வரவிருந்தது. எதிர்த்தோர் விடாது எதிர்த்தனர். 1984இல் அது இயற்கைக் காப்பகமாயிற்று. இன்று அங்குச் செல்வோர் பழைய உப்பளங்களில் பூநாரைகள் மேய்வதையும், சூரைமீன் பதனிட்ட கட்டடத்தின் கூரையற்ற தூண்களையும், அவற்றின் அப்பால் எவரும் குடை வாடகைக்கு விடாத மணற்கரையையும் காணலாம். மண்டைதீவின் பூநாரைகளை அறிந்த நமக்கு அது அயலிடமாகத் தோன்றாது. குழந்தைகளோடு செல்வோர் நீரும் நிழலுக்குத் துணியும் உடன்கொண்டு செல்லல் வேண்டும்.

அதற்குத் தெற்கே மர்சமேமி என்னும் மீனவர் துறை. மர்சா என்பது துறைமுகத்தைக் குறிக்கும் அரபுச் சொல். சூரைமீன் பிடித்தலால் வாழ்ந்த அவ்வூரின் நடுமுற்றம் இன்று உணவுக்கடைகளால் நிறைந்து விட்டது. காலை ஏழு மணிக்குச் செல்வோர்க்கே அதன் உண்மையான வடிவம் கிட்டும். இன்னும் தெற்கே சென்றால் தீவின் முனையில் போர்த்தோபாலோ.

இவ்வூர்ப் பெயரையே யாம் முன்னர்க் கூறாது வைத்திருந்தோம். 1996ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் திகதி பின்னிரவில், போர்த்தோபாலோவுக்கும் மால்த்தாத் தீவுக்கும் இடைப்பட்ட கடலில், யோகான் என்னும் கப்பலிலிருந்து சிறு படகொன்றுக்கு மக்கள் மாற்றி ஏற்றப்பட்டனர். இலங்கை, இந்தியா, பாக்கித்தான் ஆகிய நாடுகளினின்றும் புகலிடம் தேடி வந்தவர்கள் அவர்கள். புயல் வீசிய கடலில் படகு மூழ்கியது. குறைந்தது 283 பேர் மாண்டனர். அவருள் நம் நாட்டுத் தமிழ் இளைஞர் பலர். உயிர்தப்பியோர் கிரேக்க நாட்டிற் கரையேறி நடந்ததைக் கூறியபோது அதிகாரிகள் நம்பவில்லை. போர்த்தோபாலோ மீனவரின் வலைகளிற் பிணங்கள் அகப்பட்டன. விசாரணையென்று படகைக் கட்டிப்போட்டால் பிழைப்புக் கெடுமே என்று அஞ்சி, அவர்கள் அவற்றை மீண்டும் கடலிலேயே விட்டனர். வறியவர் வறியவருக்குச் செய்த அச்செயலை யாம் மன்னிக்கவும் மாட்டோம், விளங்காதவர் போல் நடிக்கவும் மாட்டோம். ஐந்து ஆண்டுகளின்பின், வலையிற் கிடைத்த அடையாள அட்டை ஒன்றை மீனவர் ஒருவர் மனச்சாட்சி பொறாது பத்திரிகையாளரிடம் காட்டினார். பதினேழு வயதுத் தமிழ் மாணவன் ஒருவனின் அட்டை அது. 2001இல், 108 மீற்றர் ஆழத்தில் அப்படகு கிடப்பதை 'லா இரெப்புப்ளிக்கா' என்னும் நாளிதழ் படம்பிடித்து வெளியிட்டது. அதனை மேலே எடுக்குமாறு வேண்டுகோள்கள் எழுந்தன, எடுக்கப்படவில்லை.

நோத்தோப் பேராலயம் வீழ்ந்ததும் அதே 1996ஆம் ஆண்டிலேதான். கல் வீழ்ந்த செய்தி அன்றிரவே நாடெங்கும் பரவியது. ஆட்கள் மூழ்கிய செய்தி ஐந்தாண்டு நம்பப்படாதிருந்தது. கல்லைப் பேணியமை தவறென்று யாம் கூறவில்லை. அந்நகரத்தாரின் பொறுமையை மேலே புகழ்ந்தே எழுதினோம். ஆயின் நம்மவர் அக்கரையில் நீராடும்போது, நீரின் அடியில் இருப்போர் யார் என்பதை அறியாமலேயே நீராடித் திரும்புகின்றனர். நாம் வினாவிய இளைஞர் பதின்மரில் ஒருவர்தாமும் அச்செய்தியைக் கேள்வியுற்றிருக்கவில்லை. அவருட் சிலர் மர்சமேமியில் மூன்று கோடைகள் கழித்தவர்கள்.

எனவே எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஐரோப்பியக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஆண்டுதோறும் நட்சத்திர விடுதிகளில் இராவுணவு விருந்து நடத்தும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, பிள்ளைகளை ஐந்து நாள் இத்தென்கிழக்கு மூலைக்கு அழைத்துச் செல்க. ஆடி ஆவணி வெயிலில் அங்குக் கல்லும் சுடும். புரட்டாசி பிற்பகுதியே தக்க காலம், கடலும் அப்போது வெதுவெதுப்பாயிருக்கும். நோத்தோவில் தங்குக. ஒருநாள் சிராக்கூசாவுக்கும் ஒருநாள் மோதிக்கா, இரகூசா ஆகியவற்றுக்கும் ஒதுக்குக. இரகூசாவில் வாகனத்தை மேலூரிலேயே நிறுத்திவிட்டுப் படிவழி இறங்குக. முழங்கால் நோவுடையோர் திரும்பும்போது பேருந்தில் ஏறலாம். ஒருநாள் முழுவதும் வெந்திக்காரிக் கரையிற் கழிக. நோத்தோவிலிருந்து போர்த்தோபாலோவுக்குத் தெருவழியே ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அதனை இறுதி நாளுக்கு வைத்துக்கொள்க. ஒரு தேவாரம் பாடவும் சிறிது பூவை நீரில் இடவும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கத்தோலிக்க நண்பர் உடன்வரின் அவர்கள் தங்கள் செபத்தைச் சொல்லட்டும். பிற்பகலிற் காற்று மிகும். காலையிற் செல்வதே நன்று.